ஜனவரி கூடுகைக்கு இடமும் ஆளும் தேடுகிறோம்

நீலகிரி நண்பர்களுக்கு வணக்கம். ஜனவரி கடைசியில் ஊட்டியிலோ கோத்தகிரியிலோ மூன்று நாள் ஒரு கிறிஸ்தவக் கூடுகை நடத்தப் பார்க்கிறோம். பிரசங்க மேடை கிடையாது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பல சபைக்காரர்கள், சபைப் பக்கமே போகாத ஒன்றிரண்டு பேர். எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள். சேர்ந்து சமைத்து, பாடி, விசுவாசத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசுவதுதான் திட்டம்.

முதல் சிக்கல் இடம். நாற்பது பேர் தங்க வேண்டும். பறைச் சத்தத்துக்கு முகம் சுளிக்காத அக்கம்பக்கமும் வேண்டும். ஒரு தங்குமிடத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு, பறை என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். ஆர்கன் என்றால் சம்மதித்திருப்பார்களோ என்னவோ! ஊட்டியில் அப்போது உறைபனி விழும்; வயதானவர்களுக்குக் கோத்தகிரி தேவலை என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அடுத்து, தோடர் பூவேலை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாய் வரும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்யும் அக்காமார் யாராவது ஒரு காலைப்பொழுது எங்களோடு உட்கார்ந்து சொல்லித் தருவார்களா? உரிய கூலி தருவோம்; வேடிக்கை பார்க்கக் கூப்பிடவில்லை.

அப்புறம், ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தைச் சுற்றிக்காட்ட வரலாறு தெரிந்த ஒருவர். 1830இல் பிரதிஷ்டையான அந்த ஆலயத்துக்கு மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தது. தோற்ற அரசனின் உத்திரத்துக்குக் கீழே ஜெபிப்பது பற்றி எங்கள் கூட்டத்தில் நிச்சயம் வாக்குவாதம் வரும்.

இ-பாஸ், பிளாஸ்டிக் தடை எல்லாம் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து போதுமா, வேன் பேசலாமா?