புதுப்பிப்பு: கதை வாசித்துச் சொல் சேர்ப்பது, ஒரு திருத்தம்

நாவலில் தெரியாத சொல் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதுங்கள் என்று முந்திய பதிவில் சொல்லியிருந்தேன். அது பிழை. வரிக்கு வரி பேனா எடுத்தால் கதை அறுந்துபோகும், பிறகு சொல்லும் மனதில் நிற்காது. முதல் வாசிப்பில் பென்சிலால் ஒரு புள்ளி போதும். அதே சொல் இரண்டாம் முறை வந்தால் மட்டும் முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். அத்தியாயத்துக்கு 5 சொல்லுக்கு மேல் வேண்டாம்.

சொல்லின் பொருளைக் கதையை வைத்து ஊகிக்கும்போது, அந்த ஊகம் பிழையாகிப் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ‘கச்சான் தணிந்தபிறகு வெளிக்கிடுவம்’ என்று ஒரு பாத்திரம் சொல்வதாக வையுங்கள். திருகோணமலையில் கச்சான் என்றால் கடற்கரையில் காகிதச் சுருளில் விற்கும் நிலக்கடலைதான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் கடலை தணியாது. பெயர்ச்சொல் மயக்கினால் வினையைப் பிடியுங்கள்: தணிவது காற்று. மேற்கிலிருந்து வரும் வறண்ட, சுடுகாற்று.

இதோடு வாடை, சோளகம், கொண்டல் என்ற மற்றக் காற்றுப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுத ஆசை வரும். எழுதாதீர்கள், எது எந்தத் திசை என்று குழம்பும். கதையில் வரும்போது ஒவ்வொன்றாகச் சேரட்டும்.

அகராதி ஊகத்துக்குப் பிறகுதான். க்ரியா அகராதியில் இலங்கை வழக்குகள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன, அதையும் பாருங்கள். மீட்டல் 1, 3, 7ஆம் நாட்களில்: சொல்லை விரலால் மறைத்து, வாக்கியத்தை வாசித்து நிரப்புங்கள். இரண்டு முறை தவறினால் அந்த வாக்கியத்தில் துப்புப் போதாது. வேறு வாக்கியம் தேடுங்கள்.