63 சமையல் புத்தகம், சமைத்தது மூன்று

கிளிநொச்சியில் இருந்து

போன மாதம் அலுமாரியின் பின்பக்கம் கறையான் ஏறிவிட்டது. உள்ளிருந்த எல்லாவற்றையும் இறக்கி, முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் போட்டேன். அப்போதுதான் முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன். சமையல் புத்தகம் மட்டும் 63. இவர் கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு இருந்தும் எங்கட வீட்டில கிழமைக்கு அஞ்சு நாள் பருப்பும் சொதியும்தானே" என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் கணக்கில் பிழை இல்லை. அந்த 63இல் இருந்து நான் உண்மையில் அடுப்பில் ஏற்றியவை மூன்று: ஒரு கத்தரிக்காய் மோஜு, ஒரு ரவைக் கேசரி, ஒரு தக்காளிச் சோறு. தக்காளிச் சோற்றை நாய் சாப்பிட்டது.

வாங்குவது, வாசிப்பது, சமைக்காமல் விடுவது. இந்த வியாதி வேறு யாருக்கும் உண்டா? இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

1996இல் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்கு வந்தபோது எனக்கு 15 வயது. மல்லாவிப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டில். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் கிடைத்தால் ஜாம் போத்தல் விளக்கு, இல்லாவிட்டால் நிலா. நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் வரும். வாசிக்கத்தான் ஒன்றும் இல்லை. கடையில் பருப்போ மிளகாயோ வாங்கினால் பழைய சஞ்சிகைத் தாளில் சரை சுற்றித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் சரையைப் பிரித்து, தட்டி, நீவி வாசிப்பேன். அப்படி ஒரு நாள் வந்ததுதான் ஒரு புடிங் குறிப்பு. "பால் சுண்டி வரும்போது முந்திரிகையை" என்கிற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மிச்சத்தை நானே மனதுக்குள் செய்து முடித்தேன். ஒரு கிழமை அந்தப் புடிங்குடன்தான் படுத்தேன், எழும்பினேன். அதற்குப் பிறகு அரைக் குறிப்பு, கால் குறிப்பு என்று சேர்த்து ஒரு கட்டு வைத்திருந்தேன். அம்மாவுக்கு அது பிடிக்காது. "பசிக்கிற பிள்ளையள் இருக்கிற வீட்டில இதை வாய்விட்டு வாசியாதை" என்பார்.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் யாழ்ப்பாணம் போய் முதல் முழுப் புத்தகத்தை வாங்கினேன். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்". 1951இல் முதலில் வந்த புத்தகம், தமிழில் சமையல் புத்தகம் சேர்க்கிற எவரும் அதில் இருந்துதான் தொடங்குவார்கள். தலைப்பே கட்டளையாக இருக்கிறது. நான் பார்த்தேன், சமைக்கவில்லை. முழுக்க மரக்கறி, எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையைத் தவிர அதற்கு இடமில்லை.

2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு விசுவமடுப் பக்கம் போனபோது புத்தகங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. இப்போது இருப்பவை எல்லாம் வீட்டுத்திட்ட வீடு கட்டிக் குடிவந்த பிறகு வாங்கியவை. பழையதில் மிஞ்சியது ஒன்றுதான், அதுவும் புத்தகமில்லை. பள்ளிக்கூடத்து மனையியல் கொப்பி. பிறப்புச் சாட்சிப்பத்திரம், சோதனைப் பெறுபேறு எல்லாம் வைத்த பையில் எப்படியோ அதுவும் கிடந்து, மனிக் பாம் அகதி முகாம் வரை வந்து திரும்பியது.

சமைக்காததற்கு ஒரு காரணம் மொழி. நம்பமாட்டீர்கள், தமிழ்ப் புத்தகத்துக்கே எனக்கு அகராதி வேண்டியிருந்தது. தமிழ்நாட்டவர்களுக்குப் பூண்டு, நமக்கு உள்ளி. சோம்பு என்றால் பெருஞ்சீரகம். காய்ந்த மிளகாய் என்றால் செத்தல். தேங்காய்த் துருவல் என்றால் தேங்காய்ப்பூ. இவை பரவாயில்லை, ஊகிக்கலாம். மாட்டிக்கொண்டது மாவில். ஒரு கேக் குறிப்பில் "மைதா" என்று இருந்தது. டிப்போச் சந்தியில் இருந்து கரடிப்போக்கு வரை கடை கடையாய் மைதா கேட்டேன். ஒருவர் "அது சாமானோ, ஆளின்ர பேரோ" என்று கேட்டார். பிறகுதான் தெரிந்தது, நாம் கோதுமை மா என்று சொல்கிற வெள்ளை மாதான் அவர்களின் மைதா. அவர்கள் கோதுமை மாவு என்பது நம் ஆட்டா மா. அதற்கு முன் எத்தனை சப்பாத்தியை வெள்ளை மாவில் சுட்டு, ஏன் இப்படி இழுபடுகிறது என்று புத்தகத்தைத் திட்டியிருப்பேன்!

இப்போது கேஸ் அடுப்பு இருக்கிறது, சின்ன அவன் (oven) ஒன்றும் இருக்கிறது, சந்தையில் எல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் இரவு படுக்கையில் ஒரு புத்தகத்தை எடுத்து, "அடி பிடிக்காமல் கிளறவும்" என்று வாசித்துவிட்டு விளக்கை அணைப்பதில் உள்ள திருப்தி விடிய எழும்பிக் கிளறுவதில் இல்லை. சொல்ல வெட்கம்தான்.

மல்லாவியில் இருந்து

அக்கா, உங்கள் சரையைச் சுற்றியது நானாகக்கூட இருக்கலாம். அந்தக் காலத்தில் அப்பா இங்கே கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வேலை பழைய தாள் கிழித்து அளவளவாய் அடுக்குவது. மினுங்கல் தாளில் சரை நிற்காது, அவிழ்ந்துவிடும். சீனிக்குப் பத்திரிகைத் தாள்தான் சரி. மினுங்கல் தாள் பருப்புக்கும் செத்தலுக்கும். சில பெட்டைகள் படம் உள்ள தாளில் சுற்றித் தரச் சொல்லிக் கேட்பார்கள். நான் ஒரு நாளும் எழுத்தைப் பார்த்துக் கிழித்ததில்லை. முந்திரிகைக்கு நடுவில் கிழித்திருந்தால் மன்னிக்கவும்.

எனக்குத் தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் வைக்கத் தெரியாது. ஆனால் பழைய சமையல் புத்தகம் கண்டால் விடமாட்டேன். என்னிடம் இருப்பதில் முக்கியமானது ஆங்கிலத்தில் உள்ளது: "சிலோன் டெய்லி நியூஸ்" பத்திரிகையின் சமையல் புத்தகம். 1929இல் ஹில்டா டொய்ட்ரோம் தொகுத்து முதலில் வந்தது. என்னிடம் இருப்பது பிந்திய பதிப்பு, அட்டை இல்லை. எல்லாம் இறாத்தலும் அவுன்சும். இறாத்தல் என்றால் ஏறக்குறைய 454 கிராம், அவுன்ஸ் 28. நான் குறிப்புகளை வாசிப்பதைவிட ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதைத்தான் வாசிப்பேன். யாரோ ஒரு அம்மா லவ் கேக்குக்குப் பக்கத்தில் தமிழில் "ரவையை முதலே வறுக்க வேணும், இல்லாட்டிச் சரிவராது" என்று எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கத்தில் ஒரே ஒரு சொல்: "பொய்." அந்தக் குறிப்பு எதைச் சொல்லி ஏமாற்றியதோ தெரியாது. அவர் யாரென்றும் தெரியாது. ஆனால் அவரோடு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது.

முல்லைத்தீவில் இருந்து

இரண்டு புத்தகம் வைத்திருக்கிறேன், இரண்டும் பரிசாக வந்தவை. "வஞ்சிரம் அரைக் கிலோ" என்று தொடங்கும். வஞ்சிரம் நம்ம அறக்குளாவாம். இங்கே கரைவலை இழுத்து முடிந்த பிறகுதான் அன்றைய கறி என்னவென்று தெரியும். சூடை வந்தால் சூடை, பாரை வந்தால் பாரை, ஒன்றும் வராவிட்டால் கருவாடு. புத்தகம் எழுதினவர் கடற்கரைக்கு வந்து ஒரு நாள் நிற்க வேண்டும்.

பரந்தனில் இருந்து

அக்காமாரே, எல்லாம் யூடியூப்பில் இருக்கு. ஏன் இந்தத் தூசியும் கறையானும்?

வவுனியாவில் இருந்து

தம்பிக்கு ஒரு பதில்: யூடியூப்பில் கறி பட்ட கறை இருக்காது.

நான் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். நூலகங்களில் புத்தகங்களைப் பிரித்து அடுக்குகிற டூயி முறையில் சமையல் புத்தகத்துக்கு எண் 641.5. எந்த நூலகத்திலும் அந்தத் தட்டுக்குப் போய்ப் பாருங்கள், கறையை வைத்தே சொல்லிவிடலாம் யார் சமைத்தார்கள், யார் வாசித்தார்கள் என்று. மஞ்சள் விரலடையாளம், எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரியான பக்கம், இரண்டு தாளை ஒட்டவைத்த சீனிப்பாகு, இவை சமைத்தவர்களின் கையெழுத்து. என் அனுபவத்தில் அப்படி வருவது பத்தில் ஒன்றுகூட இல்லை. மிச்சமெல்லாம் போனது போலவே சுத்தமாகத் திரும்பி வரும். ஒரு புத்தகத்தில் மட்டும் ஐசிங் பக்கத்தை யாரோ பிளேட்டால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். கோபப்பட வேண்டியவள் நான். ஆனால் இவர் மட்டும் கட்டாயம் செய்திருப்பார் என்று தோன்றியது.

மறக்க முடியாதது 2022. மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது, அந்த விலைக்கும் ஆட்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். அந்த மாதங்களில் ஒரு இளம்பெண் கிழமை தவறாமல் வந்து கேக் புத்தகமாய்ப் பார்த்து எடுப்பார். கேஸ் இல்லை, கரண்ட் இல்லை, பட்டர் விலை கேட்கவே பயம். ஒரு நாள் கேட்டேன், "எதில தங்கச்சி பேக் பண்ணுறீங்கள்?" "பேக் பண்ணுறதோ? விறகடுப்பில சோறு வேகிற நேரம் பக்கத்தில இருந்து வாசிக்கிறனான் அக்கா" என்றார். கிளிநொச்சி அக்காவின் சரைக் கதையை வாசித்ததும் அந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வந்தார்.

கனடா ஸ்காபரோவில் இருந்து, ஊர் ஒட்டுசுட்டான்

என்னிடம் 20 போல இருக்கிறது. பெரும்பாலும் நம் ஊர்ச் சமையல் என்று போட்டவை. ஒன்றிலும் சமைத்ததில்லை. சந்தேகம் என்றால் அம்மாவுக்கு வட்சப் எடுப்பேன். அம்மாவின் அளவு உங்களுக்குத் தெரியும்தானே: ஒரு பிடி, ஒரு கிள்ளு, கண்மட்டத்துக்கு.

போன ஓகஸ்ட் ஊருக்கு வந்தபோது ஒரு டிஜிட்டல் தராசைக் கொண்டு வந்தேன். ஒடியற்கூழை ஒருமுறையாவது கிராம் கணக்கில் எழுதிவிட வேண்டும் என்று பிடிவாதம். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பு நீரை வடித்தார், அதுவரை பிரச்சினை இல்லை. பிறகு மீன்தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை. ஒவ்வொன்றும் அம்மாவின் கையில் இருந்து சட்டிக்குப் போகும் வழியில் நான் தராசை நீட்டி மறிப்பேன். பலாக்கொட்டை முதல் பிடி 60 கிராம், இரண்டாம் பிடி 85. "எது அம்மா ஒரு பிடி?" என்றேன். "முதலாவது போட்டாப் பிறகு சட்டியைப் பார்த்தனான், காணாது. அதுதான் ரெண்டாவது கூட" என்றார். அரைத்த செத்தலையும் மறித்தபோது அகப்பையை வைத்துவிட்டு, "நான் உங்களை நிறுத்து அளந்தே வளர்த்தனான்?" என்று கேட்டார். அதோடு தராசைப் பெட்டிக்குள் வைத்தேன். கூழ் பிலாவிலையில் குடித்தோம், நல்லாய் இருந்தது. என் குறிப்பில் புளிக்கும் உப்புக்கும் நேரே இன்னும் வெறும் இடம்.

அது சரி, கிளிநொச்சி அக்கா, அந்த மனையியல் கொப்பியில் பட்டர் கேக் அளவு இருக்கிறதா? நம் பள்ளிக்கூடத்து அளவில் ஒருமுறை செய்து பார்க்க ஆசை. ரீச்சர் சொல்லித் தந்தது எனக்கு மறந்து போச்சு.

கிளிநொச்சியில் இருந்து, மறுபடியும்

தங்கச்சி, இருக்கிறது. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மழை பட்டு மை பரவியிருந்தாலும் வாசிக்கலாம்.

பட்டர் 1 இறாத்தல், சீனி 1 இறாத்தல், கோதுமை மா 1 இறாத்தல், முட்டை 10, பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, வனிலா 2 தேக்கரண்டி. பட்டரையும் சீனியையும் நுரைக்க அடித்து, முட்டையை ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, அரித்த மாவைக் கடைசியில் கலப்பது. உங்கள் தராசில் இறாத்தலுக்கு 450 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்லாவித் தம்பியின் நாலு கிராமைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

எடுத்ததற்குப் பலனாக இன்னொன்றும் கண்ணில் பட்டது, நான் அடியோடு மறந்திருந்தது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே வீட்டில் செய்து பார்த்து "அவதானிப்பு" எழுத வேண்டும் என்பது விதி. இது 1997இல் எழுதியது. கிடுகுக் கொட்டில், கல்லடுப்பு. அவன் என்ற ஒன்றைப் படத்தில்தான் கண்டிருந்தேன். ஆனாலும் முத்து முத்தாய் எழுதி வைத்திருக்கிறேன்: "கேக் பொன்னிறமாக வந்தது. மேற்பரப்பில் வெடிப்பு இல்லை. குடும்பத்தினர் அனைவரும் விரும்பி உண்டனர்."

பக்கத்தில் ரீச்சர் 10க்கு 9 போட்டிருக்கிறார். கீழே அதே சிவப்பு மையில் சின்னதாய் ஒரு வரி: "பட்டர் எங்கே கிடைத்தது? எனக்கும் சொல்லும்."