எஸ்ஏடி மதிப்பெண்ணை அனுப்பிய கதைகள்: அனுபவப் பகிர்வு

சென்னை, ஒரு மாணவியின் தாயார்:

அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோர் கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, நேர்காணல் ஆகியவற்றை விரிவாகச் சொல்கிறார்கள். சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியின் மதிப்பெண்ணை அனுப்புவதைப் பற்றி மட்டும் 'தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் கணக்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்' என்று முடித்துவிடுகிறார்கள். என் மகள் அந்தப் பொத்தானை அழுத்தினாள், கட்டணமும் செலுத்தினோம், 'அனுப்பப்பட்டது' என்ற குறிப்பும் கணக்கில் வந்தது. ஆனால் விண்ணப்பித்த ஒரு பல்கலைக்கழகத்தின் தளத்தில் மட்டும் அவளுடைய எஸ்ஏடி மதிப்பெண்ணுக்கு எதிரே 'வரவில்லை' என்ற சொல் வாரக்கணக்கில் மாறாமல் நின்றது. மற்ற இடங்களுக்கு அதே அறிக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்ததால், காலேஜ் போர்டின் பக்கத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தது.

மதிப்பெண் மின்வழியில் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களை வைத்து அதை உரிய விண்ணப்பதாரரின் கோப்போடு கணினி இணைக்கிறது. நம் பெயர்களுக்குச் சோதனை அங்கேதான் தொடங்குகிறது. என் மகளின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அவள் தந்தையின் பெயர் முழுமையாக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ்களில் அதே பெயர் ஓரெழுத்து இனிஷியலாகச் சுருங்கியிருக்கிறது. எஸ்ஏடி பதிவும், பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பமும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருந்ததால் எங்களுக்கு எந்த ஐயமும் எழவில்லை. பின்னர் விசாரித்தபோதுதான், அந்தப் பல்கலைக்கழகம் முந்தைய கோடையில் நடத்திய இணையவழி அறிமுகக் கூட்டத்துக்குப் பள்ளி மூலமாக இனிஷியலுடன் பெயர் பதிவாகியிருந்ததும், அந்தப் பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு கோப்பு உருவாகியிருந்ததும் தெரியவந்தன. விண்ணப்பம் ஒரு கோப்பிலும் மதிப்பெண் இன்னொரு கோப்பிலுமாக, ஒரே பெண் அவர்கள் கணினியில் இரண்டு பேராக இருந்தாள்.

விண்ணப்ப எண், பிறந்த தேதி, மதிப்பெண் அறிக்கையில் உள்ள காலேஜ் போர்டு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இரண்டு விதமாகவும் பெயரை எழுதி, சேர்க்கை அலுவலகத்துக்கு அவளே மின்னஞ்சல் அனுப்பினாள். இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கிவிட்டதாகச் சில நாட்களில் பதில் வந்தது. அறிக்கையை மறுபடியும் பணம் கட்டி அனுப்பும்படி உறவினர் ஒருவர் வற்புறுத்தினார். அப்படிச் செய்திருந்தால் அதுவும் அதே தவறான கோப்பில்தான் போய் உட்கார்ந்திருக்கும்.

நியூ ஜெர்சி, ஒரு தந்தை:

எங்கள் வீட்டில் பெயர்ச் சிக்கல் எழவில்லை. உதவித்தொகைக்கு மதிப்பெண் போகும் பாதை வேறு என்பதைப் புரியவைப்பதே பெரும்பாடாக இருந்தது. பதினோராம் வகுப்பில் அக்டோபர் மாதம், எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வை எழுதிய என் மகன், அடுத்த செப்டம்பரில், அத்தேர்வின் அடிப்படையில் வழங்கப்படும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான அரையிறுதிப் பட்டியலில் இடம்பெற்றான். நாடு முழுவதும் ஏறத்தாழ 16,000 பேருக்குக் கிடைக்கும் இடம் அது. தகுதிக் குறியீட்டைக் கணக்கிடும்போது வாசிப்பு, எழுத்துப் பகுதியின் மதிப்பெண் கணிதத்தைப் போல இரு மடங்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதையும், தேறுவதற்கான வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும், அந்த வரம்பு மிக உயர்ந்திருக்கும் மாநிலங்களில் எங்கள் நியூ ஜெர்சியும் ஒன்று என்பதையும் கணிதத்தை மட்டுமே பயிற்றுவிக்கும் நம் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

அரையிறுதியிலிருந்து இறுதிப் பட்டியலுக்குப் போக, பிஎஸ்ஏடி மதிப்பெண்ணை உறுதிப்படுத்தும் விதமாக எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற மற்றொரு தேர்வான ஏசிடியின் மதிப்பெண்ணை, உதவித்தொகையை நடத்தும் நேஷனல் மெரிட் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். எஸ்ஏடிக்கு அந்த நிறுவனத்தின் குறியீட்டு எண் 0085. காமன் ஆப் படிவத்தில் மதிப்பெண்ணை எழுதியாகிவிட்டது, பள்ளியின் ஆலோசகருக்கும் தெரியும், பல்கலைக்கழகங்களுக்கும் போய்விட்டது, இனி வேறு யாருக்கு அனுப்ப வேண்டும் என்பது என் மகனின் வாதம். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பிஎஸ்ஏடியையும் எஸ்ஏடியையும் நடத்துவது ஒரே அமைப்பு. பிஎஸ்ஏடி மதிப்பெண்ணை நேஷனல் மெரிட் நிறுவனம் தானாகவே பெற்றுக்கொள்கிறது. எஸ்ஏடி மதிப்பெண்ணை மட்டும், மாணவன் அந்த நிறுவனத்தைக் குறிப்பிட்டு அனுப்பினால்தான் பெறுகிறது. இதில் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை. ஆனாலும் விதி அதுதான் என்பதால், 0085 என்ற எண்ணைச் சேர்த்து அனுப்பினோம்.

குடியுரிமை இல்லாதவர்கள் போட்டியிடலாமா என்று நம்மவர் பலர் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. வெளிநாட்டில் படிப்பவர்கள் மட்டும் அமெரிக்கக் குடிமக்களாகவோ, கூடிய விரைவில் குடியுரிமை பெறும் எண்ணமுள்ள நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். அவர்கள் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்து, அது நிராகரிக்கப்படாமல் இருந்தாலும் போட்டியிடலாம். ஆகவே, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்து அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் போட்டியிடலாம். குடியுரிமை நிபந்தனை எல்லோருக்கும் இருந்த நாட்களில் எத்தனையோ திறமையான பிள்ளைகள் அந்த ஒரு காரணத்தால் வெளியே நின்றதை நினைத்தால் மனம் கசக்கிறது.

இறுதிப் பட்டியலில் வந்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் தாமே பெரிய தொகையை வழங்குகின்றன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகமும் அலபாமா பல்கலைக்கழகமும் அதற்குப் பெயர் பெற்றவை. அதைப் பெற வேண்டுமானால், அந்தப் பல்கலைக்கழகமே தன் முதல் விருப்பம் என்று நேஷனல் மெரிட் நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும். ஹார்வர்ட், பிரவுன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களோ திறமை அடிப்படையில் உதவித்தொகை தருவதே இல்லை. அங்கே கிடைப்பதெல்லாம் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவதுதான்.

டெக்சாஸ், ஒரு தாயார்:

என் மகள் டென்னிஸ் வீராங்கனை. முன்பெல்லாம் கல்லூரி விளையாட்டில் சேர விரும்புவோர், அதை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தகுதி மையத்துக்கு 9999 என்ற குறியீட்டு எண்ணில் மதிப்பெண்ணை அனுப்புவார்கள். கல்லூரி விளையாட்டின் முதல், இரண்டாம் பிரிவுகளுக்கான அந்தத் தேர்வு நிபந்தனையை 2023 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். அதனால் மதிப்பெண்ணே வேண்டாம் என்று பயிற்சியாளர் சொன்னார். ஆனால் விளையாட்டுக்கான உதவித்தொகை போக, படிப்புக்கான உதவித்தொகையையும் சேர்த்துக் கேட்டபோது, அதை வழங்கும் அலுவலகம் எஸ்ஏடி மதிப்பெண்ணை அதிகாரபூர்வமாகக் கேட்டது. பயிற்சியாளர் சொன்னது விளையாட்டைப் பொறுத்தவரை முழு உண்மை. மற்ற அலுவலகத்தின் விதி அவருடைய பொறுப்பில் இல்லை.

கோயம்புத்தூர், பள்ளி ஆலோசகர்:

ஆண்டுதோறும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, இலவசமாகக் கிடைக்கும் நான்கு அறிக்கைகளை என்ன செய்வது என்பதுதான். எஸ்ஏடிக்குப் பதிவு செய்யும் ஒவ்வொரு முறையும் நான்கு இடங்களுக்குக் கட்டணமின்றி அனுப்பலாம்; ஆனால் தேர்வு நாளுக்குப் பின் ஒன்பது நாட்களுக்குள் அந்த இடங்களைத் தெரிவித்துவிட வேண்டும். மதிப்பெண்ணோ பொதுவாக அதற்குப் பிறகுதான் வெளியாகும். அதாவது, எவ்வளவு எடுத்தோம் என்று தெரியாமலேயே அனுப்பச் சம்மதிக்க வேண்டும். பெற்றோர் பலர் இதைச் சூதாட்டமாகவே பார்க்கிறார்கள்.

நான் அவர்களிடம் பல்கலைக்கழகத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வேன். ஜார்ஜ்டவுன் போல, எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் கேட்கும் இடத்துக்கு இலவசமாகவே அனுப்பிவிடலாம். எப்படியும் அவர்கள் பார்க்கப்போவதுதான். பல தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துச் சேர்த்துப் பார்க்கும், அதாவது சூப்பர்ஸ்கோர் முறையைப் பின்பற்றும் இடங்களுக்கு அனுப்புவதிலும் பெரிய இழப்பு இல்லை. மற்ற இடங்களுக்கு மதிப்பெண் வந்தபின், 2009 முதல் நடைமுறையில் உள்ள ஸ்கோர் சாய்ஸ் வசதியைப் பயன்படுத்தி எந்த நாளில் எழுதிய தேர்வை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கலாம். ஒரு நாளின் கணிதத்தையும் மற்றொரு நாளின் ஆங்கிலத்தையும் பிரித்தெடுத்து அனுப்ப அந்த வசதி இடம் தராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024இல் ஓர் அறிக்கைக்கு 14 டாலர் வாங்கினார்கள். பத்து இடங்களுக்கு அனுப்பினால் 140 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் 12,000 ரூபாயை நெருங்கும் தொகை. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் கட்டண விலக்கு பெற்றால் எத்தனை இடங்களுக்கு வேண்டுமானாலும் இலவசமாக அனுப்பலாம். இந்தியாவில் எழுதும் இந்திய மாணவருக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே, எங்கே அதிகாரபூர்வ அறிக்கை விண்ணப்பத்தோடு வேண்டும், எங்கே மாணவர் தாமே எழுதித் தந்தால் போதும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்திலும் படித்துப் பார்த்துவிடுவது நல்லது. எம்ஐடி உட்படப் பல இடங்களில் விண்ணப்பத்தில் தாமே எழுதினால் போதும். சேர்க்கை கிடைத்து, போவதாக முடிவான பின்னரே அதிகாரபூர்வ அறிக்கையைக் கேட்பார்கள். என் மாணவர் ஒருவர் இப்படிப் பார்த்துப் பார்த்து அனுப்பி, பட்டியலில் இருந்த பெரும்பாலான இடங்களுக்குச் செலவில்லாமலேயே விண்ணப்பித்தார். ஆனால் அவர் சேர விரும்பிய ஓரிடத்தில், சேர்க்கைக்குப் போதுமாயிருந்த அந்தச் சொந்தப் பதிவை உதவித்தொகைக் குழு ஏற்கவில்லை. குழுவின் கடைசித் தேதி விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பாகவே இருந்தது. தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்ததால் தப்பித்தார்.

நேர்மாறான நிலை கலிஃபோர்னியாவில் இருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் முதலான வளாகங்கள் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. 2020 மே மாதத்தில் அவர்களின் ஆட்சிக்குழு எடுத்த முடிவிலிருந்து வந்த மாற்றம் அது. சேர்க்கைக்காக அங்கே அனுப்பும் அறிக்கைக்குக் கட்டும் பணம் வீண். அதே காலத்தில் தேர்வைக் கட்டாயமில்லை என்று அறிவித்தவர்களில் எம்ஐடி 2022இலும், டார்ட்மத், ஹார்வர்ட், பிரவுன் ஆகியவை 2024இலும் மீண்டும் தேர்வைக் கேட்கத் தொடங்குவதாக அறிவித்தன. அண்ணனுக்குக் கேட்கவில்லை என்பதற்காகத் தங்கைக்கும் கேட்கமாட்டார்கள் என்று இருந்துவிட முடியாது.

கட்டணம் கட்டுவதைப் பற்றி இடையில் ஒரு சிறு செய்தி: 2020க்குப் பின் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் மூடியே இருக்கும். கடைசி நாள் இரவில் அட்டை ஏற்கப்படவில்லை என்று என்னைத் தொலைபேசியில் எழுப்பும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வங்கியின் செயலியில் அதை முன்னதாகவே திறந்து வையுங்கள்.

யாழ்ப்பாணம், ஒரு மாணவர்:

நான் இலங்கையின் பள்ளி இறுதித் தேர்வான உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வரும்வரை காத்திருந்து, அதன் பிறகே அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தேன். கொழும்புக்குப் போய் எழுதிய எஸ்ஏடியின் மதிப்பெண் அப்போதும் செல்லுபடியாகும் நிலையில் இருந்ததால் அதையே அனுப்ப முடிந்தது. ஆனால் அதே காலத்தில் எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டதால் அதைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இடைவெளி விட்டுப் படிப்பவர்கள் இரண்டு தேர்வுகளையும் ஒரே மூச்சில் முடித்துவிட எண்ணினால், ஆங்கிலத் தேர்வைச் சற்றுப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. சென்னை அம்மா அவர்களிடம் ஒரு கேள்வி: எங்கள் ஊரில் தகப்பன் பெயர் முன்னுக்கும் எங்கள் பெயர் பின்னுக்கும் வரும். அந்த வரிசையை மாற்றி எழுதுவதா, அப்படியே விடுவதா?

சென்னை, ஒரு மாணவியின் தாயார்:

தம்பி, கடவுச்சீட்டில் எந்த இடத்தில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதையே எஸ்ஏடி, டோஃபல், விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம் ஆகிய நான்கிலும் எழுதுங்கள். நம் வழக்கத்துக்கு அது தலைகீழாகத் தோன்றினாலும் பரவாயில்லை. தேர்வு எழுதும்போது வேறு வரிசையில் கொடுத்திருந்தால், விண்ணப்பத்தில் வேறு பெயர்களைக் குறிப்பிடக் கேட்கும் இடத்தில் அந்த வடிவத்தையும் எழுதிவிடுங்கள். கடைசித் தேதி முடிந்த உடனே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுத வேண்டாம். அந்த வாரத்தில் வந்து குவியும் ஆவணங்களைக் கோப்பில் சேர்க்கவே அவர்களுக்கு நேரம் பிடிக்கும். இரண்டு வாரம் கழித்தும் தளத்தில் மாற்றம் இல்லையென்றால், மதிப்பெண் அறிக்கையின் முதல் பக்கத்தையும் கடவுச்சீட்டின் பெயர்ப் பக்கத்தையும் இணைத்து எழுதுங்கள்.