லிப்பிஎன்ஜியின் லாங்ஜம்ப், நடுவில் ரஸ்ட்: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய சி புராஜெக்ட் ஒன்றில் படக் கோப்பைப் படிக்கும் பகுதியை மட்டும் ரஸ்ட் மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பைண்ட்ஜென் (சி ஹெடரிலிருந்து ரஸ்ட் அறிவிப்புகளை உருவாக்கும் கருவி), லிங்க் செய்வது எல்லாம் சரியாகிவிட்டது. சிக்கல், பிஎன்ஜி படங்களைப் படிக்கும் சி லைப்ரரியான லிப்பிஎன்ஜியில்தான்.

பிழை வந்தால் திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் செட்ஜம்ப் சி பக்கம் இருக்கிறது. கோப்பிலிருந்து பைட்டுகளைப் பெற லிப்பிஎன்ஜி அழைக்கும் ஃபங்க்ஷன், அதாவது ரீட் கால்பேக், ரஸ்டில். கோப்பு பாதியில் முடிந்தால் கால்பேக், லிப்பிஎன்ஜியின் பிழை ஃபங்க்ஷனான பிஎன்ஜி_எரரை அழைக்கிறது. அது லாங்ஜம்பில் நேராக செட்ஜம்ப் இடத்துக்கே தாவிவிடுவதால் கால்பேக்கிலுள்ள வெக்டரின் டிராப் (மெமரியை விடுவிக்கும் கோடு) ஓடுவதே இல்லை. மெமரியைச் சோதிக்கும் கருவியான வால்கிரைண்டில் மெமரி லீக் தெரிகிறது. லீக்கைவிட, டிராப் பாக்கியுள்ள ஃபிரேமை (ஸ்டாக்கில் ஒரு ஃபங்க்ஷனுக்கான இடத்தை) தாண்டுவதே ரஸ்டின் வரையறைக்கு வெளியே, என்ன நடக்கும் என்று உறுதியில்லை என்பதுதான் என் கவலை.

கால்பேக் எரர் கோடு மட்டும் திருப்பி, நடுவில் ஒரு சின்ன சி ஃபங்க்ஷன் பிஎன்ஜி_எரரை அழைக்கட்டும் என்று நினைக்கிறேன். ரஸ்ட் 1.71-இல் வந்த சி-அன்வைண்டை (பேனிக் சி எல்லையைத் தாண்ட அனுமதிக்கும் அழைப்பு முறையை) வைத்து, லிப்பிஎன்ஜியை எஃப்-எக்ஸெப்ஷன்ஸ் கொடியுடன் கம்பைல் செய்து, பேனிக்கை (ரஸ்டின் பிழை நிறுத்தத்தை) லிப்பிஎன்ஜி வழியே விடுவது இதைவிட நல்லதா? இரண்டில் ஒன்றையாவது நிஜ புராஜெக்டில் ஓட்டியவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், விண்டோஸிலும் இது ஓட வேண்டும்.