கணவர் வந்து ஆறு வாரம், ஸ்கேனில் எட்டு வாரம்: கர்ப்பக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

முல்லைக்கொடி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்காக ஜனவரி 10ஆம் தேதி ஊருக்கு வந்தவர், ஒரு மாத விடுப்பு முடிந்து திரும்பிவிட்டார். நாள் தள்ளிப்போனதால் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பிப்ரவரி 22 அன்று முதல் ஸ்கேன் எடுத்தோம். கருவின் நீளம் 16 மில்லிமீட்டர், இதயத்துடிப்பு இருக்கிறது, வயது சரியாக 8 வாரம் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. அதை வாங்கிப் பார்த்த என் மாமியார் விரல் விட்டு எண்ணிவிட்டு, "அவன் வந்தே ஆறு வாரம்தானே ஆகிறது, பிள்ளைக்கு எப்படி எட்டு வாரம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். கடைசியாக டிசம்பர் 28 அன்று வந்தது. ஸ்கேனில் தவறு நேர்ந்திருக்குமா? இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்குங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி:

அன்பு மகளே, முதலில் மனதைத் தேற்றிக்கொள். ஸ்கேனும் தவறில்லை, நீயும் தவறில்லை. கிராம சுகாதார செவிலியாக வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைப் பதிவு செய்த காலத்தில், இதே சந்தேகத்தால் கண் கலங்கிய பெண்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மருத்துவத்தில் கர்ப்பத்தின் வயது கரு உண்டான நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. கருமுட்டை வெளிவரும் நாளை ஒரு பெண்ணால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் உதிரம் பட்ட நாள் அவளுக்கு உறுதியாகத் தெரியும் என்பதால், தெரிந்த நாளையே தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு ஏறக்குறைய பதினான்காம் நாளில்தான் முட்டை வெளிவரும். ஆகவே எல்லாக் கர்ப்பத்திலும், ஸ்கேன் தாளில் எழுதும் முதல் இரண்டு வாரங்களில் வயிற்றில் கரு என்பதே கிடையாது.

உன் கணக்கையே பார். டிசம்பர் 28 முதல் பிப்ரவரி 22 வரை 56 நாள், அதாவது 8 வாரம். முட்டை வெளிவந்திருக்கக்கூடிய நாள் ஜனவரி 11ஐ ஒட்டி வருகிறது. உன் கணவர் வந்து சேர்ந்தது அதற்கு முந்தைய நாள். அப்படியானால் கருவின் உண்மையான வயது ஆறு வாரம்தான். உன் மாமியார் எண்ணியதும் அதே ஆறு வாரம்தானே? அவர் எண்ணியது கருவின் வயதை, மருத்துவர் எழுதியது கர்ப்பத்தின் வயதை.

பிரசவ நாளும் இதே வழியில்தான் வரும். ஜெர்மானிய மருத்துவர் நேகலே பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் விதிப்படி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 7 நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போய், ஓர் ஆண்டைக் கூட்ட வேண்டும். உனக்கு ஜனவரி 4 ஆகி, அங்கிருந்து இந்த ஆண்டு அக்டோபர் 4 வருகிறது. மொத்தம் 280 நாள். அந்த ஒரே நாளில் பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு என்பதையும் நினைவில் வை. 37 வாரத்துக்கு முன் பிறந்தால்தான் குறைமாதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கடைசியாக எப்போது குளித்தாய்?" என்று கேட்டால், தலைக்குக் குளித்த நாளைத்தான் பலரும் சொல்வார்கள். அது மூன்றாம் நாளாகவோ ஐந்தாம் நாளாகவோ இருக்கும். கணக்கு அங்கேயே பிசகிவிடும். அதனால் "உதிரம் பட்ட முதல் நாள் எது?" என்று திரும்பக் கேட்டுத்தான் அட்டையில் எழுதுவோம்.

தாழை:

செவிலியம்மா சொன்னது 28 நாள் சுழற்சிக்குப் பொருந்தும். எனக்கு 38 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வரும். தேதிப்படி 9 வாரம் 3 நாள் ஆகியிருக்க வேண்டிய அன்று, ஸ்கேனில் 7 வாரம் 6 நாள் என்றுதான் வந்தது. கரு வளரவில்லையோ என்று நான் கதறிவிட்டேன். நீண்ட சுழற்சியில் முட்டை பத்து நாள் போலத் தாமதமாக வெளிவரும், அதுதான் இந்த வித்தியாசம் என்று மருத்துவர் விளக்கி, அட்டையில் இருந்த பழைய பிரசவ தேதியை அடித்துவிட்டு ஸ்கேன் தேதியை எழுதினார். முதல் மூன்று மாதத்தில் கருவின் தலையிலிருந்து புட்டம் வரை அளக்கும் நீளமே வயதைச் சொல்வதில் நம்பகமானது. அதிலும் ஐந்து முதல் ஏழு நாள் முன்பின் இருக்கலாம். ஆதலால் எந்த ஸ்கேனையும் வைத்து, இன்ன தேதியில்தான் கரு உண்டானது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதைக் கொண்டு ஒரு பெண்ணின் நடத்தையை அளப்பது பெருந்தவறு.

நெய்தல்நிலத்தான்:

எங்களுக்குச் சோதனைக் குழாய் முறையில் குழந்தை பிறந்தது. ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்ந்த கருவை என் மனைவியின் கர்ப்பப்பையில் வைத்த அன்றே, மருத்துவமனைத் தாளில் "2 வாரம் 5 நாள்" என்று எழுதினார்கள். கரு உருவான நேரம் ஆய்வகத்தில் மணியோடு பதிவாகியிருந்தும், மற்ற எல்லாக் கர்ப்பங்களோடும் ஒத்துப்போவதற்காக அந்த இரண்டு வாரத்தைச் சேர்த்தே எழுதுகிறார்கள். சகோதரி, உங்கள் மாமியாரிடம் இந்த ஒரு எடுத்துக்காட்டைச் சொல்லிப் பாருங்கள்.

முல்லைக்கொடி:

உங்கள் மூவருக்கும் என் நன்றியைச் சொல்ல வார்த்தை இல்லை. நேற்று இரவு கணவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் உடனே தன் தாயாரை அழைத்து, செவிலியம்மா எழுதியதை வரி வரியாகப் படித்துக் காட்டினார். இன்று காலையில் அத்தை சென்ற ஆண்டு நாட்காட்டியைத் தேடி எடுத்துவந்து, டிசம்பர் 28இலிருந்து பென்சிலால் ஒவ்வொரு நாளாகப் புள்ளி வைத்து எண்ணினார். கேட்டதற்காக வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. "அப்படியானால் பத்து மாதம் என்று சொல்வதெல்லாம் என்ன கணக்கு? அக்டோபர் என்றால் ஒன்பதுதானே வருகிறது?" என்று மட்டும் கேட்டார். இதற்கும் விடை சொல்லுங்கள் அம்மா.

ஓய்வுபெற்ற செவிலி:

நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டால் 280 நாள் சரியாகப் பத்து மாதம். நாட்காட்டி மாதமாகப் பார்த்தால் ஒன்பது மாதமும் ஏழு நாளும். இரண்டும் ஒரே கணக்குதான் என்று அத்தையிடம் சொல். அடுத்த ஸ்கேனை 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். உனக்கு அது மார்ச் 15 முதல் ஏப்ரல் 4 வரை வருகிறது. அத்தையையும் உடன் அழைத்துப் போ.