தலைக்குந்தா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உறையாமல் இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கமுங்க. நாங்கள் மேட்டுப்பாளையம். இங்கே மொட்டை மாடித் தொட்டி வெயிலில் கொதிப்பதுதான் கவலை. ஆனால் அக்கா குடும்பம் ஊட்டி பக்கம் தலைக்குந்தாவுக்குக் குடிபோயிருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே விடியற்காலை உறைபனி கொட்டும். 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வெட்டவெளியில் நிற்கிறது. அதைவிட, அதிலிருந்து இறங்கும் பைப்பை நினைத்தால்தான் எனக்குப் பயம். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிவடையும். பைப்பும் வால்வும் விரிசல் விட்டுவிடும். மச்சானுக்கு வயசாகிவிட்டது, அந்தக் குளிரில் ஏணி ஏற விட முடியாது.

பைப்புக்கு ஏசி மெக்கானிக்குகள் மாட்டும் கறுப்பு ஃபோம் குழாய் போதுமா? தொட்டியைச் சுற்றித் தெர்மோகோல் வைத்துத் தார்ப்பாய் கட்டினால் தாங்குமா? அப்புறம், ராத்திரி பைப்பை மட்டும் காலி செய்ய வால்வை எங்கே வைப்பது? மலையில் குடியிருக்கும் அண்ணன்மார், அக்காமார் செய்து பார்த்ததைச் சொல்லுங்க. பனி தொடங்கும் முன்பே வேலையை முடித்துவிடுகிறோம்.