மேடைக்குப் பேஸ் கேபினெட்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு கச்சேரியைச் சொல்லுங்கள்

நான்காம் தந்தி, திருநெல்வேலி:

கோயில் கொடைக்கு மெல்லிசைக் கச்சேரி. திறந்தவெளி மேடை, பின்புறம் ஓலைத் தட்டி மட்டும். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். என் ஆம்ப் 4 ஓமில் (ஓம் என்பது பெட்டியின் மின்தடை அளவு) 500 வாட்ஸ் தருவது. கேபினெட்டை, அதாவது ஆம்போடு இணைக்கும் ஸ்பீக்கர் பெட்டியை, மைக் செட்காரரே கொண்டுவருவார் என்று கமிட்டியார் சொல்லியிருந்தார்கள். வந்து இறங்கியது ஒற்றைப் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பொருத்திய பெட்டி. அதன் முதுகில் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மாலையில் மேடை காலியாக இருந்தபோது தனியாக வாசித்துப் பார்த்தேன். தரை அதிர முழங்கியது.

இரண்டாவது பாட்டில் டிரம்ஸும் மின்னணுத் தாளப் பேடும் சேர்ந்து எழுந்த நொடியில் பேஸ் காணாமல் போயிற்று. காலில் அதிர்வு தெரிகிறது, எந்த ஸ்வரம் என்று காதுக்குத் தெரியவில்லை. டிரம்ஸ் வாசித்த அண்ணன் என் பக்கம் திரும்பி, குச்சியைப் பிடித்த கையாலேயே 'வாசிக்கிறாயா?' என்று சைகை காட்டினார். அவரோடு பல ஆண்டுகளாக வாசிக்கிறேன், அப்படி அவர் கேட்டதே இல்லை. 1000 வாட்ஸ் பெட்டி ஒரு டிரம்ஸுக்கு முன்னால் எப்படித் தோற்றது என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

தாழ்நாதம், சென்னை:

அண்ணா, அந்த 1000 வாட்ஸ் என்பது ஒலியின் அளவே அல்ல. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துபோகாமல் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. நாம் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்ற எண். 94 டெசிபெல் தரும் பெட்டிக்கும் 100 டெசிபெல் தரும் பெட்டிக்கும் உள்ள ஆறு டெசிபெல் இடைவெளியை ஆம்பைக் கொண்டு நிரப்ப வேண்டுமானால், நான்கு மடங்கு வாட்ஸ் தேவைப்படும்.

என் அனுபவம் வடபழனிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என்னிடம் இரண்டு 'ரெண்டு-பத்து' கேபினெட்டுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர்கள். இடம் பார்த்து இரண்டையும் பக்கவாட்டில் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். ரிசப்ஷன் தொடங்குவதற்கு முன் எங்கள் குழுவின் மூத்த பேஸ் கலைஞர் வந்தார். எதுவும் பேசாமல் இரண்டு பெட்டிகளையும் நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே செங்குத்து வரிசையில் நிற்கும்படி செய்தார். ஆம்பில் எந்தக் குமிழையும் அவர் தொடவில்லை. நான் முதல் வரியை வாசித்ததும், மேடையின் மறுகோடியில் நின்ற பாடகி திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேஸ் தனக்குக் கேட்பதே இல்லை என்று அதுவரை ஒவ்வொரு கச்சேரியிலும் குறைபட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

இதற்குக் காரணம் உண்டு. பக்கவாட்டில் அகன்று நிற்கும் ஸ்பீக்கர் வரிசை நடுச்சுரங்களை (அடியாழத்துக்கும் உச்சத்துக்கும் இடைப்பட்ட ஒலிகளை) நேர் எதிரே குவித்து அனுப்பும். ஒடுங்கிய செங்குத்து வரிசை அவற்றை இடமும் வலமுமாகப் பரப்பும். அதோடு மேல் ஸ்பீக்கர்கள் முழங்காலை விட்டுக் காதின் உயரத்துக்கு ஏறிவிடுகின்றன.

பனிநகரத்தான், ஸ்கார்பரோ:

பதினைந்து அங்குலம் என்பதனால் மட்டும் அந்தப் பெட்டி தோற்றது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பெரிய கூம்பு (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அதிரும் பகுதி) ஆழமாக ஒலிக்கும், பத்து அங்குலம் விரைவாக ஒலிக்கும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பெட்டியின் கொள்ளளவும், காற்றுத் துளை உள்ளதா மூடியதா என்பதும், ஸ்பீக்கரின் இயல்பும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் 1969இல் 300 வாட்ஸோடு வந்தபோது அதன் துணையாக நின்றவை துளையில்லாத, பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நிறைந்த பெட்டிகள். அடியாழத்துக்கு இறங்காத அந்தப் பெட்டிதான் ராக் மேடையின் பேஸ் ஒலிக்கே அளவுகோலாயிற்று. எட்டு-பத்தைத் தூக்க இரண்டு ஆட்கள் வேண்டும் என்பதும் உண்மை.

எனக்கு நேர்ந்தது வேறு. இங்கே ஒரு விருந்து மண்டபத்தில் பிறந்தநாள் விழா. வெளியே பனி, வாகனம் நிறுத்திய இடத்திலிருந்து உறைந்த தரையில் பெட்டியைச் சுமந்து வர வேண்டும். அதற்காகவே நியோடிமியம் காந்தம் கொண்ட, துளை வைத்த ஒற்றைப் பன்னிரண்டு அங்குலக் கேபினெட்டை வாங்கியிருந்தேன். ஒரு கையில் தூக்கிவிடலாம். என்னுடையது ஐந்து தந்தி பேஸ். மெதுவான பாடலொன்றின் இறுதியில் கீழ் 'பி' தந்தியில் ஒரு நீண்ட ஸ்வரம் பிடித்தேன். பெட்டியிலிருந்து இசை வரவில்லை. 'டப், டப்' என்று மரத்தில் ஆணி அடிப்பது போன்ற சத்தம் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, எதுவோ கழன்றுவிட்டதோ என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.

கீழ் 'பி' 31 ஹெர்ட்ஸ். துளை வைத்த பெட்டி தன் சுருதி அதிர்வெண்ணுக்கு (துளையும் பெட்டியும் சேர்ந்து ஒத்ததிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே போகும்போது கூம்பைப் பின்னாலிருந்து தாங்கும் காற்றின் எதிர்ப்பு இல்லாமல் போகிறது. கூம்பு கட்டுப்பாடின்றி முன்னும் பின்னும் பாய்ந்து எல்லையில் மோதும். வாட்ஸ் வரம்புக்கு உள்ளேயே இது நடந்துவிடும் என்பதுதான் கவலைக்குரியது. பிறகு 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றை ஆம்புக்கு முன்னால் சேர்த்தேன், சத்தம் நின்றது. பேஸ் மெலிந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஸ்வரத்தை நம் காது பெரிதும் அதன் மேலிசைகளிலிருந்தே (அதனோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வெண்களிலிருந்தே) உணர்ந்துகொள்கிறது.

கரையோரத்தான், யாழ்ப்பாணம்:

தேவாலயத் திருவிழாவின் இறுதி இரவு, எங்கள் இசைக்குழுவின் நிகழ்ச்சி. என்னுடைய பெட்டி 8 ஓம் கொண்ட நாலு-பத்து. ஆம்பின் பின்புறத்தில் குறைந்தபட்சம் 4 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. சனம் அதிகமென்று சொல்லி, ஒலிபெருக்கிக்காரர்கள் தங்கள் பெட்டியொன்றையும் என் ஆம்பின் இரண்டாவது ஸ்பீக்கர் இணைப்பில் இணைத்துவிட்டார்கள். நான் அப்போது மேடைக்குக் கீழே உடை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர்களுடையது 4 ஓம் பெட்டி. எட்டும் நாலும் இணையாகச் சேர்ந்தால் 2.67 ஓம், அதாவது ஆம்பின் வரம்புக்குக் கீழே.

நான்காவது பாட்டின் நடுவில் ஆம்ப் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. இன்றைக்கும் எனக்குள் நிற்பது அந்த நிறுத்தம் அல்ல, அடுத்த நொடி. கீபோர்ட் வாசித்த தம்பி என்னைப் பார்த்தார். ஒரு தாளம்கூடத் தவறாமல் தன் இடக்கையைக் கீழ் ஆக்டேவுக்கு இறக்கி என் வரியை அப்படியே எடுத்துக்கொண்டார். நான் பாட்டு முடியும்வரை ஊமைத் தந்திகளோடு நின்றேன். நல்ல ஆம்பாக இருந்ததால் சூடு தணிந்ததும் மீண்டது.

இரண்டாவது பெட்டி சேர்ப்பது தவறல்ல. இன்னொரு 8 ஓம் பெட்டியாக இருந்திருந்தால் சரியாக 4 ஓம் வந்திருக்கும். கூம்புப் பரப்பும் இரட்டித்து, ஆம்பும் தன் முழு வலுவைத் தந்து, ஏறத்தாழ ஐந்து டெசிபெல் கூடியிருக்கும். பெட்டி வாங்க நினைப்பவர்கள் பிற்பாடு ஒன்றைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதலில் 8 ஓம் பெட்டியையே வாங்குங்கள். 4 ஓம் பெட்டி வாங்கினால் பெரும்பாலான ஆம்புகளில் கதவு அத்தோடு மூடிவிடும்.

கொங்குச் சுருதி, கோவை:

என் அனுபவம் சிறியது. ஒரு தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு வாசித்தபோது, 'ஏ' தந்தியைத் திறந்து வாசித்தால் மட்டும் ஒலி பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்கியது. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. கேபினெட்டைத் தள்ளிப் பின்சுவரோடு ஒட்டினேன். 'ஏ' திரும்பி வந்துவிட்டது. பாடகர் குழுவில் இருந்த ஒரு சிறுமி 'இப்போதுதான் தரையில் நிற்பதுபோல இருக்கிறது' என்றாள்.

பெட்டி முன்பு சுவரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முன்னால் இருந்தது. பெட்டியிலிருந்து பின்னோக்கிப் போகும் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்ப மூன்று மீட்டர் பயணம் செய்கிறது. 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஆறு மீட்டர். ஆகவே திரும்பி வரும் அலை சரியாக அரை அலை பின்தங்கி, நேர் ஒலியை அழிக்கிறது. 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். சுவரோடு ஒட்டியபோது அந்த அழிவு நாம் பொருட்படுத்த வேண்டாத உயரத்துக்கு நகர்ந்துவிட்டது.

இதைச் சொல்லிய கையோடு இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இளைஞர்கள் பலர் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பெட்டியைக் கடையில் தனியாக வாசித்துப் பார்த்து வாங்காதீர்கள். தனியாகக் கேட்கும்போது இனிக்கும் அடியாழம் டிரம்ஸ் சேர்ந்ததும் மங்கிவிடும், நடுச்சுரம் தெளிவாக உள்ள பெட்டிதான் மேடையில் பேசும். பலகை மேடை உள்ளீடற்றது என்பதால் தானும் பெட்டியாகி முழங்கும். அத்தகைய இடத்தில் கீழே ஒரு கனமான ஃபோம் தகட்டையோ நாற்காலியையோ வைத்துப் பெட்டியைத் தரையிலிருந்து பிரியுங்கள். கிட்டார் கேபிளைக் கொண்டு ஆம்பையும் பெட்டியையும் இணைக்கவே கூடாது. அதன் கம்பி மெல்லியது, சூடாகும். ஸ்பீக்கான் இணைப்பு உள்ள ஸ்பீக்கர் கேபிளையே வையுங்கள், அது திருகிப் பூட்டிக்கொள்ளும், கால் தட்டினாலும் கழலாது. வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் பெட்டியை இணைக்காமல் அதை இயக்கினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஹார்ன் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) உள்ள பெட்டியில் அதைக் குறைக்கும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் மிதி வைத்திருப்பவர்களுக்கு ஹார்னை முழுவதும் அணைக்க வேண்டிவரும். சென்னை நண்பர் செங்குத்தாக அடுக்கச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கூட்டம் ஏறி இறங்கும் மேடையில் ஒரு பட்டையாவது போட்டுக் கட்டாமல் அடுக்காதீர்கள்.

தெற்குவாசல், மதுரை:

எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். இப்போது டி.ஐ. பாக்ஸ் (பேஸை மிக்சருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் சிறு பெட்டி) வழியாக நேரே மிக்சருக்குக் கொடுத்துவிட்டுக் காதில் மானிட்டர் மாட்டிக்கொண்டு வாசிக்கும் காலம். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன், பல கச்சேரிகள் குறையின்றி நடந்தன. ஆனால் ஒரு பொருட்காட்சி மேடையில் ஜெனரேட்டர் மாறும்போது கூட்டத்துக்கான முன் ஸ்பீக்கர்களின் ஆம்ப் ரேக் முழுவதும் நின்றுவிட்டது. மேடை மின்சாரம் மட்டும் துண்டிக்கப்படாமல் இருந்தது. அன்று எனக்குப் பதிலாக வேறொரு குழுவின் பேஸ் கலைஞர் வாசித்துக்கொண்டிருந்தார், நான் பக்கவாட்டில் நின்று கேட்டேன். அவருடைய நாலு-பத்தும் டிரம்ஸும் மட்டுமே கேட்க, முன்னால் நின்ற கூட்டம் கைதட்டித் தாளம் போட்டு, ரேக் மீளும்வரை பாட்டைத் தாமே பாடியது. அதனால் பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். திருநெல்வேலி நண்பரின் திறந்தவெளி மேடைக்கு அது கட்டாயம் வேண்டும்.

தாழ்நாதம், சென்னை:

கோவை ஐயா, பட்டை போட்டுக் கட்டுவதை ஏற்கிறேன். ஆனால் சுவரோடு ஒட்டும் யோசனை கொடை மேடைக்கு உதவாது, அங்கே சுவரே இல்லை, ஓலைத் தட்டி தாழ்ந்த ஒலியைத் தடுக்காது. அங்கே கூம்புப் பரப்புதான் பேச வேண்டும்.

நான்காம் தந்தி, திருநெல்வேலி:

அனைவருக்கும் நன்றி. மைக் செட்காரரிடம் பேசினேன். அந்தப் பதினைந்து அங்குலப் பெட்டி முதலில் நீள்வரிசை ஸ்பீக்கர்களின் கீழே சப்-ஆக (அடியாழத்தை மட்டும் ஒலிக்கும் பெட்டியாக) ஓடியது என்றும், அதில் நடுச்சுரத்துக்கான ஸ்பீக்கரே கிடையாது என்றும் இப்போது சொல்கிறார். காலில் அதிர்ந்தும் காதில் விழாமல் போனதன் காரணம் விளங்கிவிட்டது. அடுத்த கொடைக்கு 8 ஓம் 'ரெண்டு-பத்து' இரண்டை வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். அவற்றை நிமிர்த்தி அடுக்கி, ஹை-ஹாட் (டிரம்ஸின் இரட்டைத் தாளத் தட்டு) பக்கம் டிரம்ஸ் அண்ணனின் காதுக்கு நேராக வைப்பதாக உத்தேசம்.